கட்டாயம் யாருக்கு?

பல்கலைக்கழகத்தில் சேருகிற மாணவரும் அங்கே வேலைக்கு அமர்கிற ஊழியரும் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய பயிற்சி ஒன்றை முடித்த பிறகே ஆய்வகத்துக்குள்ளோ பட்டறைக்குள்ளோ கால் வைக்கலாம் என்ற விதி பல நாடுகளில் நிலைபெற்றுவிட்டது. நம் நாட்டிலும் பெரிய ஆய்வு நிறுவனங்கள் சில இதைப் பின்பற்றுகின்றன. இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பயிற்சி எத்தனை மணி நேரம், கணினி வழியா நேரிலா, முடிவில் தேர்வு உண்டா இல்லையா என்பதிலேயே விவாதம் சுற்றி வருகிறது. அவற்றுக்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கட்டாயம் யாரைக் கட்டுகிறது? இன்றைய வழக்கப்படி அது பயிற்சி பெறுகிறவரைக் கட்டுகிறது. முதலாண்டு மாணவி படிவத்தில் கையெழுத்திடுகிறாள், அலுவலகம் அதைக் கோப்பில் சேர்க்கிறது. நாளைக்கு ஏதாவது நேர்ந்தால், எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டோம் என்று காட்ட அந்தக் காகிதம் உதவும். ராகிங் தடுப்புக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்த விதிகளின்படி மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் தரும் உறுதிமொழிப் பத்திரத்தை எத்தனை பேர் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள் என்பது இந்த அவைக்குத் தெரியாததல்ல. பாதுகாப்புப் பயிற்சியும் அதே வழியில் போகும். அப்படிப் போகாதிருக்க வேண்டுமானால், வேலையை ஏவுகிறவரையும் இடத்தை நடத்துகிறவரையும்தான் இந்தக் கட்டாயம் முதலில் கட்ட வேண்டும். சம்பளப் பட்டியலைப் பார்த்துப் பயிற்சி தராமல், ஆபத்து எங்கெல்லாம் போய்ச் சேருமோ அங்கெல்லாம் தர வேண்டும். இன்று நான் முன்வைக்கும் வாதம் இவ்வளவுதான்.

2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வகம் ஒன்றில் ஷெரி சாங்ஜி என்ற 23 வயது ஆய்வு உதவியாளர் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் என்ற வேதிப்பொருளின் கரைசலைப் பிளாஸ்டிக் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார். காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருள் அது. சிரிஞ்சின் தண்டு கழன்றது. கரைசல் சிதறி உடையில் பற்றியது. அவர் அணிந்திருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். ஆய்வகக் கோட்டு இல்லை. 18 நாள் கழித்து, 2009 ஜனவரி 16 அன்று இறந்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த வேலைக்கு உரிய பயிற்சி அவருக்குத் தரப்பட்டதாக எந்தப் பதிவும் இல்லை என்று மாநிலத் தொழிற்பாதுகாப்புத் துறை கண்டது. விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு பல்கலைக்கழகத்தின் சொந்தப் பாதுகாப்பு அலுவலர்களே அந்த ஆய்வகத்தைச் சோதித்து, இங்கே கோட்டு அணியாமல் வேலை செய்கிறார்கள் என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். குறிப்பு குறிப்பாகவே இருந்தது. அபராதம் 31,875 டாலர். 2011 டிசம்பரில் பல்கலைக்கழகத்தின் ஆளுநர் குழுமீதும் ஆய்வகத்தை நடத்திய பேராசிரியர்மீதும் குற்ற வழக்கு தொடரப்பட்டது. பயிற்சியையும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் விரிவாக்க ஒப்புக்கொண்டு பல்கலைக்கழகம் 2012இல் வழக்கிலிருந்து விடுபட்டது. பேராசிரியருக்கு 2014இல் 800 மணி நேரச் சமூகப் பணியும் 10,000 டாலர் செலுத்துவதும் நிபந்தனையாயின. தண்டனை போதுமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. கவனிக்க வேண்டியது, அரசு வழக்கறிஞர்கள் கேள்வி கேட்டது யாரை என்பதுதான். கோட்டு அணியாத பெண்ணின் அசட்டையை அவர்கள் வழக்கின் மையமாக்கவில்லை. அவருக்கு அந்த வேலையைக் கொடுத்தவர், கொடுக்கும் முன் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

சட்டம் இவ்வளவு தூரம் உள்ளே வர முடிந்ததற்கு ஒரு காரணம் சாங்ஜி சம்பளம் வாங்கிய ஊழியர் என்பது. அதே மேசையில் அதே சிரிஞ்சோடு ஒரு மாணவி நின்றிருந்தால் தொழிற்பாதுகாப்புத் துறைக்கு அங்கே அதிகாரம் இருந்திருக்காது. இதை வெறும் ஊகம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2011 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழகத்தின் பட்டறையில் இறுதியாண்டு மாணவி ஒருவர் இரவில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது தலைமுடி சிக்கி இறந்தார். கூட்டரசின் தொழிற்பாதுகாப்புத் துறை விசாரித்தது; குறைகளைச் சுட்டிக் கடிதமும் எழுதியது. ஆனால் இறந்தவர் ஊழியர் அல்லர், ஆகவே அபராதம் விதிக்க வழியில்லை. தீயும் லேத்தும் அடையாள அட்டையைக் கேட்பதில்லை, சட்டம் கேட்கிறது. பிரிட்டன் இந்த இடைவெளியை முன்பே அடைத்திருந்தது. 1974ஆம் ஆண்டின் அந்நாட்டுச் சட்டத்தில் இரண்டாம் பிரிவு ஊழியருக்கான கடமையைச் சொல்கிறது. மூன்றாம் பிரிவு, ஊழியர் அல்லாதவராயினும் நிறுவனத்தின் செயலால் ஆபத்துக்கு ஆளாகக்கூடிய எவர்மீதும் நிறுவனத்துக்குக் கடமை உண்டு என்கிறது. மாணவர், விருந்தினர், ஒப்பந்தத் தொழிலாளர் எல்லாரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள்.

நம் சட்டத்திலும் இதற்கு ஒரு விதை இருந்தது. போபால் நச்சுவாயு அழிவுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்போது சேர்க்கப்பட்ட 111ஏ பிரிவு, தன் உடல்நலமும் பாதுகாப்பும் பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுவதும் அதற்கான பயிற்சி பெறுவதும் தொழிலாளியின் உரிமை என்றது. உரிமை என்று சொன்ன மாத்திரத்தில் கட்டாயம் நிர்வாகத்தின் பக்கம் போய்விடுகிறது. ஆனால் அது தொழிற்சாலைக்கான சட்டம். தொழிற்சாலையில் கையாளும் அதே அமிலத்தை, அதே ஹைட்ரஜன் சிலிண்டரைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கையாளும் ஆய்வு மாணவருக்கு அந்த உரிமை எட்டவில்லை. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் வேலை கொடுப்பவர், வேலை செய்பவர் என்ற இருவரை வைத்தே பேசுகிறது. உதவித்தொகை பெற்றுக்கொண்டு நாளெல்லாம் ஆய்வகத்தில் கிடக்கும் மாணவர் இந்த இருவரில் யார்?

ஆபத்து போகும் வழியைப் பார்த்தால் மாணவர், ஊழியர் என்ற வட்டமும்கூடப் போதாது. 1978இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் ஜேனட் பார்க்கர் புகைப்படக் கலைஞராக இருந்தார். அவருடைய இருட்டறைக்கு ஒரு தளம் கீழே பெரியம்மைக் கிருமியை ஆராயும் ஆய்வகம் இருந்தது. கிருமியோடு அவருக்கு எந்த வேலையும் இல்லை. இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி சோமாலியாவில் குணமடைந்து ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்த நேரத்தில் பார்க்கர் பெரியம்மையால் இறந்தார். அந்த நோயால் உலகில் இறந்த கடைசி மனிதர் அவரே. கிருமி எந்த வழியாக மேலே போனது என்பது ஐயமறத் தெளியவில்லை. பல்கலைக்கழகமும் தன்மீது தொடரப்பட்ட வழக்கில் விடுதலை பெற்றது. ஆனால் அந்த ஆய்வகத்து ஊழியர் பலருக்கே தனிப்பயிற்சி இருக்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது.

நமக்கு நெருக்கமான கதை 2010இல் டெல்லியில் நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் கோபால்ட்-60 அடங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று கால் நூற்றாண்டாகப் பயன்பாடின்றிக் கிடந்தது. 1960களின் இறுதியில் கனடாவிலிருந்து வந்த கருவி. அந்த ஆண்டு பிப்ரவரியில் பழைய சாமான்களோடு சாமானாக அது ஏலம் போனது. மாயாபுரி இரும்புக் கடைகளில் அதைப் பிரித்தார்கள். காயலான் கடைத் தொழிலாளர்கள் கதிர்வீச்சு நோயில் விழுந்தார்கள், ஒருவர் இறந்தார். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் அன்றும் இருந்தன. கதிரியக்கம் என்றால் என்னவென்று அறிந்தவர்களுக்கு அந்த வளாகத்தில் குறைவில்லை. ஏலப் பட்டியல் தயாரித்த கைக்கும் அந்த அறிவுக்கும் நடுவில்தான் பாலம் இல்லை. இந்த நிகழ்ச்சியை எண்ணிப் பார்த்தால், பாதுகாப்புப் பயிற்சியில் ஸ்டோர் கிளார்க்கும் ஏலக் குழு உறுப்பினரும் முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்று படுகிறது. 2018 டிசம்பரில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அதிர்வலை ஆய்வகத்தில் வெடித்தபோது இறந்தவரும் காயமுற்ற மூவரும் வளாகத்தில் இயங்கிய ஒரு புதுத்தொழில் நிறுவனத்தின் ஆட்கள். கழகத்தின் சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயரைத் தேடிப் பயனில்லை.

பயிற்சியில் எதைச் சொல்லித்தருவது என்பதற்கு டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் விபத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. 2010 ஜனவரி 7 அன்று அங்கே இரண்டு ஆய்வு மாணவர்கள் நிக்கல் ஹைட்ரசின் பெர்குளோரேட் என்ற வெடிபொருளைத் தயாரித்தார்கள். 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக் கூடாது என்பது ஆய்வை நடத்தியவர்கள் வாய்மொழியாக வைத்திருந்த வரம்பு. ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாகத் தயாரிப்பதைவிட ஒரே தடவையில் செய்து வைத்துக்கொள்ளலாம் என்று சுமார் 10 கிராம் செய்தார்கள், நூறு மடங்கு. அதைக் கல்வத்தில் இட்டுக் கட்டிகளை உடைக்கையில் வெடித்தது. ஒரு மாணவர் மூன்று விரல்களை இழந்தார், கண்ணும் பாதிக்கப்பட்டது. அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் இந்த விபத்தை விரிவாக ஆராய்ந்து 2011 அக்டோபரில் அறிக்கை தந்தது. 2001 முதல் பல்கலைக்கழகங்களில் நடந்த 120 விபத்துகளின் தகவலையும் வாரியம் திரட்டியிருந்தது. மாணவர்கள் சொல் பேச்சுக் கேட்கவில்லை என்று அந்த அறிக்கை முடிந்திருக்கலாம். அப்படி முடியவில்லை. வரம்பு எழுத்தில் இல்லை; அது புதிதாக வந்தவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஏற்பாடு இல்லை; அளவைக் கூட்டும் முன் யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெளிவாக இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே ஆய்வுக் குழுக்களில் முந்தைய ஆண்டுகளில் மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகள் நடந்திருந்தன. அவை பதிவாகவுமில்லை, பிறருக்குச் சொல்லப்படவுமில்லை. தீயணைப்பான் எங்கே மாட்டியிருக்கிறது என்று ஆயிரம் பேருக்குப் பொதுவாகச் சொல்லித்தரும் பயிற்சி இந்த மாணவரைக் காப்பாற்றியிருக்காது. இந்த ஆய்வகத்தில், இந்தப் பொருளால், போன வருடம் என்ன நடக்கப் பார்த்தது என்பதை அறிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். அதைச் சொல்லித்தரக்கூடியவர் ஆய்வகத்தை நடத்துகிற பேராசிரியர் ஒருவரே. அவரைக் கட்டாத பயிற்சி விதி வாசலோடு நின்றுவிடும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். பயிற்சியால் விபத்து குறையும் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வி நியாயமானது. தொழிற்பாதுகாப்புப் பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து 2012இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, பயிற்சி மனிதரின் நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு என்றது. காயமும் நோயும் குறைகின்றன என்பதற்குச் சான்று போதவில்லை என்றும் சேர்த்தே சொன்னது. அதற்கு முன் 2006இல் 95 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு பகுப்பாய்வு, கையால் செய்து பார்த்துத் தவறைத் திருத்திக்கொள்ளும் பயிற்சி, சொற்பொழிவையும் வீடியோவையும்விட அதிகப் பயன் தருகிறது என்று கண்டது. சொற்பொழிவு மேடையில் நின்றுகொண்டு இதைச் சொல்வதில் உள்ள வேடிக்கை எனக்கும் புரிகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கணினித் திரையில் 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்தி முடிக்கும் பயிற்சியை எதிர்ப்பவர்கள் சொல்வது சரி என்றாகிறது. பயிற்சியே வேண்டாம் என்றாகாது.

இதே மறுப்பின் கூர்மையான வடிவம் கேரன் வெட்டர்ஹானின் சாவு. டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியரான அவர் நச்சு உலோகங்களில் உலகறிந்த வல்லுநர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரியின் ஓரிரு துளி அவருடைய லேடெக்ஸ் கையுறைமேல் விழுந்தது. காற்றுப் போக்கிப் பெட்டிக்குள்தான் வேலை செய்தார், கண்ணாடி அணிந்திருந்தார், கையுறையும் அணிந்திருந்தார். 1997 ஜூன் மாதம் பாதரச நஞ்சால் இறந்தார். அவருக்கு யார் பயிற்சி தந்திருக்க முடியும் என்று கேட்கலாம். ஆனால் அந்தச் சாவுக்குப் பின் கையுறையைச் சோதித்தார்கள். அந்தப் பொருள் லேடெக்ஸை 15 வினாடிக்குள் ஊடுருவிவிடுகிறது என்று தெரிந்தது. அதை உலகெங்கும் அறிவித்தார்கள். இன்று அந்தப் பொருளைத் தொடப்போகிற ஆய்வு மாணவருக்கு அந்த 15 வினாடி எப்படித் தெரியவரும்? தானாகப் படித்துத் தெரிந்துகொள்வார் என்று விட்டுவிடலாமா? ஓரிடத்தில் உயிர் கொடுத்துக் கற்றது மற்ற இடங்களுக்குப் போய்ச் சேர ஏற்பாடு வேண்டும், அந்த ஏற்பாட்டுக்குத்தான் பயிற்சி என்று பெயர். வல்லுநருக்குத் தேவையில்லை என்று அவருக்கு விலக்கு அளிக்கும் வழக்கத்தை வெட்டர்ஹானின் சாவு மிச்சமில்லாமல் மறுக்கிறது.

நேரம் வீணாகிறது, ஆய்வுச் சுதந்திரம் கெடுகிறது என்பது அடுத்த மறுப்பு. 2013இல் சுமார் 2400 அறிவியலாளரிடம் நடத்திய கணக்கெடுப்பில் 86 விழுக்காட்டினர் தம் ஆய்வகம் பாதுகாப்பானது என்றார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் ஆய்வகத்தில் ஏதோவொரு காயம் பட்டவர்கள் என்பதும் அதே கணக்கெடுப்பில் தெரிந்தது. சுதந்திரம் பற்றிப் பேசுகிற குரல் பெரும்பாலும் இந்த 86 விழுக்காட்டு நம்பிக்கையிலிருந்து எழுகிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. அங்கே வேதியியல் துறை மாணவர்களே 2012 முதல் பாதுகாப்புக் குழு அமைத்து, டவ் வேதி நிறுவனத்தாரின் முறைகளைக் கற்று, ஒருவர் ஆய்வகத்தை மற்றவர் போய்ப் பார்த்தார்கள். போபாலை அறிந்தவர்களுக்கு டவ் என்ற பெயர் நெருடும். யூனியன் கார்பைடைப் பின்னாளில் வாங்கிய நிறுவனம் அது. நெருடலோடு சேர்த்தே சொல்கிறேன்: தன் தொழிற்சாலை ஆய்வகங்களில் அது வைத்திருந்த ஒழுங்கு கல்விக்கூடங்களில் இல்லை என்பது உண்மை. 2014இல் அதே மின்னசோட்டாவில் ஒரு வெடிப்பு நடந்து மாணவர் ஒருவர் காயமடைந்தார். பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றும். அவர்கள் அதை மூடி மறைக்கவில்லை; எந்தப் பொருள், எவ்வளவு, என்ன தவறியது என்று அச்சிட்டு வெளியிட்டார்கள். டெக்சாஸில் நடக்காமல் போனது இங்கே நடந்தது.

நம் கல்லூரிகளிலிருந்து வரக்கூடிய மறுப்புத்தான் எனக்குக் கனமானதாகத் தெரிகிறது. காற்றுப் போக்கி விசிறி ஓடாத லேபில், ஒரே வாசல் உள்ள அறையில், அறுபது பிள்ளைகளை நிறுத்திவிட்டு அவர்களுக்குப் பயிற்சி தருவது ஏமாற்று என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆபத்தை அடக்கும் படிநிலையில் முதலிடம் ஆபத்தான பொருளையே விலக்குவதற்கு. அடுத்தது பாதுகாப்பான மாற்றுப்பொருள். பிறகு கருவியும் கட்டடமும். பயிற்சியும் விதிகளும் நான்காவது. கையுறையும் கண்ணாடியும் கடைசி. நான்காவதைக் காட்டி மூன்றாவதைத் தட்டிக்கழிக்கிற நிர்வாகத்துக்குப் பயிற்சி விதி வசதியான கேடயமாகிவிடும். இதனால்தான் கட்டாயம் யாருக்கு என்று கேட்டேன். பயிற்சி பெற்ற மாணவர், இந்த விசிறி ஓடவில்லை, சரியாகும்வரை இந்தச் சோதனையைச் செய்ய மாட்டேன் என்று சொன்னால் அதற்கு மதிப்பு இருக்க வேண்டும். நம் ஆய்வு மாணவர் அதைச் சொல்ல முடியுமா? உதவித்தொகைக்குக் கைடு கையெழுத்து, ஆறுமாத அறிக்கைக்குக் கைடு கையெழுத்து, ஆய்வேட்டுக்கும் அவர் கையெழுத்து. ராத்திரி பத்து மணிக்குத் தனியாக ஆட்டோகிளேவை இயக்கு என்றால் முடியாது என்று சொல்கிற தைரியத்தை எந்தப் பயிற்சி வகுப்பும் ஊட்ட முடியாது. விதியாகத்தான் எழுத வேண்டும்: மறுத்த மாணவர்மீது அதன் பொருட்டு நடவடிக்கை கூடாது; அவர் புகார் கைடு வழியாகப் போகாமல் பாதுகாப்பு அலுவலரிடம் நேரே போக வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. செலவு இல்லாததால்தான் இதில் மனம் இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

செய்யக்கூடியவை பற்றிச் சில சொற்கள். தமிழ்த் துறை மாணவருக்கு அமிலம் பற்றிய பாடம் தேவையில்லை. தீ, மின்சாரம், முதலுதவி, மாடிப்படி வழியாக வெளியேறுவது போதும், ஒரு பிற்பகலில் முடியும். வேதியியல், உயிரியல், பொறியியல் துறைகளில் வேறு கணக்கு. அங்கே முனைவர் பட்ட வழிகாட்டியாக ஏற்பு வழங்கும் ஆணையிலேயே, தன் ஆய்வகத்துக்கு உரிய பயிற்சியைத் தானே தருவார் என்ற நிபந்தனை வேண்டும். தராவிட்டால் புதிய மாணவரைச் சேர்க்கும் உரிமை நிற்க வேண்டும். பொருளின் அளவைக் கூட்டும்போதும், புதுக் கருவி வரும்போதும் மீண்டும் தர வேண்டும். அட்டெண்டருக்கும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்கும் தமிழில், பேச்சாக, அந்தந்த அறையில் நின்று சொல்ல வேண்டும். வேதிப்பொருளின் எச்சரிக்கைத் தாள் ஆங்கிலத்தில் வருகிறது. உடைந்த புட்டியைக் கூட்டி அள்ளுகிறவர் அதைப் படிக்கப்போவதில்லை. கடைசியாக, ஓய்வுபெறும் பேராசிரியரிடம் நூலகத்திலிருந்தும் கணக்குப் பிரிவிலிருந்தும் நோ டியூஸ் சான்று வாங்கிவரச் சொல்கிறோம். அவர் அலமாரியிலும் குளிர்பெட்டியிலும் கீழ்த்தளத்துக் கிடங்கிலும் எந்தெந்தப் பொருளை விட்டுச் செல்கிறார், அதை இனி யார் பொறுப்பேற்கிறார் என்று கையெழுத்திட்ட பட்டியல் ஒன்றையும் அதோடு கேட்கலாம். பெற்றுக்கொள்பவரின் கையெழுத்து விழாத வரை சான்றை நிறுத்தி வைக்கலாம்; அதற்கு ஆட்சிக்குழுவின் ஒரு தீர்மானம் போதும்.